கண்ணாடியில் இல்லாத கை

அத்தியாயம் 11

ஏரிக்கரை கேம்ப்பின் இருபத்திரண்டாம் எண் இடத்தில் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தை இடித்துச் சாய்த்ததோடு எங்கள் வெள்ளிக்கிழமை முடிந்தது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் நாங்கள் இழுத்து வந்த டிரெய்லர் வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. பின்பக்கம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்வாங்கியிருந்தது, அவ்வளவுதான். சேதம் எனக்குத்தான். என் கணவர் ஆர்விட் வண்டியிலிருந்து இறங்கி, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "நீ லேட்டா கை காட்டிட்ட, ஹில்யா" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் நான் அந்தக் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். படகில் உட்கார்ந்தபோதும், விறகை அடுக்கியபோதும், பாத்திரம் கழுவியபோதும் என் வலதுகை தானாக முஷ்டியாக மூடிக்கொண்டு எழுந்தது. எப்போது எழுந்தது? அரை நொடி முன்னாலா, பின்னாலா?

வெளியாருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கேம்ப்புக்கு வருகிற தம்பதிகளில் பாதிப் பேர் டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போதுதான் ஒருவரையொருவர் சபித்துக்கொள்வார்கள். "லெஃப்ட்டுன்னா என் லெஃப்ட்டு, உன் லெஃப்ட்டு இல்ல!" என்று ஒரு பெண் கத்துவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்றவர்கள் பீரும் நாற்காலியுமாக வந்து உட்காருவதே அதைப் பார்க்கத்தான். எங்களால் அவர்களுக்கு எந்த வேடிக்கையும் கிடைத்ததில்லை. பத்தொன்பது வருடம், மே முதல் அக்டோபர் வரை, நாங்கள் வாயைத் திறந்ததே கிடையாது. நான் பின்னால் நிற்பேன். இடதுகை, வலதுகை. இன்னும் எவ்வளவு தூரம் என்று இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே காட்டுவேன். கடைசியில் முஷ்டி. முஷ்டி என்றால் நில். ஆர்விட் பக்கக் கண்ணாடியில் பார்த்து நிற்பார்.

எங்கள் டிரெய்லர் பதின்மூன்று அடி நீளம். வெள்ளை நிறம், முட்டை வடிவம், இடுப்பில் ஒரு பச்சைக் கோடு. பதினான்காம் எண் இடம் எங்களுடையது என்று கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி அதில் கூடாரம் அடித்திருந்தது. யாரிடமும் குரல் உயர்த்தாத ஆர்விட், அவர்களிடம் போய் இடத்தைக் காலி செய்யச் சொல்லி வாதாடினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகுதான் இருபத்திரண்டு. அதன் பிறகுதான் குழாய்.

வயதானால் மனிதர்கள் சிடுசிடுப்பாகி விடுவார்கள் என்று நினைத்தேன். அதைவிட மோசமாக ஒன்றையும் நினைத்திருந்தேன். ஒரு வருடமாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேசும்போது பார்வை என் காதைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு மனைவி என்ன நினைப்பாள்? மகள் ரூத்திடம் மட்டும் தொலைபேசியில் சொல்லி அழுதிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அது அந்த வருடத்தின் கடைசி வார இறுதி. திங்கட்கிழமை கேம்ப்பில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். காலையில் மேசை விரிப்பு மேல் உறைபனி படர்ந்திருந்தது. நான் காபியை வைத்தேன். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியை வெட்டி வைத்தேன். ஆர்விட் ரொட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெண்ணெய் தடவினார்.

"காபி நல்லா இருக்கு, கேப்டன்."

பின்னால் நின்று கை காட்டுகிற வேலைக்காக அவர் எனக்கு வைத்த பெயர் அது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் கூப்பிடுகிறார்.

"கேப்டனை நீதான் வேலையை விட்டு நீக்கிட்டியே."

"திரும்பச் சேத்துக்கறேன். அதே சம்பளம்."

"சம்பளமே கிடையாதே."

"அதான் சொன்னேன், அதே சம்பளம்."

நான் சிரித்தேன். அதுதான் அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆர்விட்டுக்கு வாயால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. இஷ்பெமிங் சுரங்கத்தில் முப்பது வருடம் தனியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

பத்து மணிக்குக் கட்டி வைத்தோம். கூரை ஜன்னலை மூடினேன். குளிர்பெட்டிக் கதவைக் கயிற்றால் இறுக்கினேன். படியை உள்ளே தள்ளினேன். அவர் பிக்கப்பில் ஏறினார். இனி வண்டியைப் பின்னால் எடுத்து, அதன் வாலில் இருக்கும் இரும்பு உருண்டையை டிரெய்லரின் மூக்குக்குக் கீழே சரியாகக் கொண்டுவர வேண்டும். நான் டிரெய்லரின் மூக்கு ஓரம் போய் நின்றுகொண்டேன்.

கேம்ப்பில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கொக்கி மாட்டுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. ஒரு தாழ்ப்பாளை மறந்தால் போதும், நெடுஞ்சாலையில் டிரெய்லர் தனியாகக் கிளம்பிவிடும். குழந்தைகள்கூட அந்த நேரத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

இருபதாம் எண்ணில் இருந்த வெர்னுக்கும் அந்தச் சட்டம் தெரியும். ஆனால் அது ஆம்பளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார் போல. முந்தின நாள் நான் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி வைத்துக் கொடுத்த தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஹில்யா, இந்தா உன் தட்டு. பாஸ்டி பிரமாதம். டோலோரஸ் அந்தக் குழாய்க் கம்பத்துக்குச் சாக்குப்பை போர்த்தி விட்டிருக்கா. அடிபட்டதுக்குக் குளிருமாம்."

"போதும் வெர்ன். ரெண்டு நாளா இதே பேச்சு."

"இல்ல, நான் உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். பத்தொன்பது வருஷமா டோலோரஸ் உங்களைக் காட்டித்தான் என்னைத் திட்டுவா. 'அவங்களைப் பாரு, ஒரு சத்தம் உண்டா, ஒரு சண்டை உண்டா'ன்னு. வெள்ளிக்கிழமைதான் என் கல்யாணத்துலயே எனக்கு நிம்மதியான நாள்."

நான் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தேன். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். டோலோரஸ் எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டேன். ஆர்விட் பிக்கப்பைப் பின்னால் எடுக்க, சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றது. இன்ஜினும் அணைந்தது.

ஆர்விட் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தியா கேப்டன்? இன்னிக்கு உன் கை கரெக்டா இருந்துச்சு. முஷ்டி போட்ட, நான் நின்னேன். இவ்வளவுதான் விஷயம்."

நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் தட்டு இருந்தது.

வெர்னும் என் கைகளைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நான்... நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆர்விட் குனிந்து உருண்டைக்கும் மூக்குக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். "நாலு விரல்தான். தள்ளிக்கலாம்." எங்கள் டிரெய்லர் சின்னது. சமதரையில் ஒரு ஆள் கையாலேயே இழுத்துவிடலாம். இந்த ஒரு வருடமாக அவர் அப்படித்தான் முட்டி போட்டுத் தடவித் தடவி மாட்டுகிறார். வயதாக ஆக ஜாக்கிரதை கூடுகிறது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"ஆர்விட். நான் எப்ப முஷ்டி போட்டேன்?"

அவர் கை அப்படியே நின்றது.

"என் கையில என்ன இருக்குன்னு சொல்லு."

அவர் முகத்தைப் பக்கத்துப் பைன் மரத்தின் பக்கம் லேசாகத் திருப்பினார்.

"தட்டு" என்றார்.

"நீ வண்டியை எடுக்கும்போதும் இதான் இருந்துச்சு."

"கொக்கி மாட்டும்போது பேசாத, ஹில்யா."

நான் பேசவில்லை. அந்தச் சட்டம் என் ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. அவர் மூக்கை உருண்டை மேல் இறக்கியதைப் பார்த்தேன். தாழ்ப்பாளைப் போட்டார். அதில் ஊசியைச் செருகினார். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காக மாட்டினார். விளக்கு ஒயரைச் சொருகினார். ஒவ்வொன்றையும் விரலால் இரண்டு முறை தொட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க ஒன்று இருக்கிறது, கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை.

எழுந்து, கையைத் துணியில் துடைத்தார்.

"உள்ள வா."

டிரெய்லருக்குள் சின்ன மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்காரலாம். அவர் உட்காரவில்லை. துணி அலமாரிக் கதவைத் திறந்தார். அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளை அட்டையில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல்முறை கேட்டபோது, ஏரி உறைந்த பிறகு ஐஸில் எங்கெங்கே மீனுக்குத் துளை போட்டேன் என்று குறிக்கிற அட்டை என்று சொல்லியிருந்தார்.

"இது கண் டாக்டர் குடுத்தது. போன நவம்பர்ல."

"எந்த டாக்டர்? எப்பப் போன?"

"வண்டிக்கு டயர் மாத்தப் போனேனே, அன்னிக்கு."

"அன்னிக்கு டயர் மாத்தினியே."

"அதையும் மாத்தினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"ஒரு கண்ணை மூடிட்டு அந்தப் புள்ளியைப் பார்க்கணும்" என்றார். "கோடு எல்லாம் நேரா இருந்தா சரி. எனக்கு மொதல்ல கோடு வளைஞ்சுது. அப்புறம் புள்ளியே காணாமப் போச்சு. வலது கண்ணுல மொதல்ல. ஜூலையிலேருந்து இடதுலயும்."

"மருந்து?"

"கிடையாதுன்னுட்டார்."

"அப்ப உனக்கு என்னதான் தெரியுது?"

"ஓரமெல்லாம் தெரியுது. இந்தக் கதவு, அந்த ஜன்னல், உன் தோளு. நடுவுலதான் மூடுபனி. எதைப் பார்க்கணும்னு கண்ணை வைக்கிறேனோ, அது மட்டும் போயிடுது."

"என் முகம்?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"உன்னைப் பார்க்கணும்னா உன்னைப் பார்க்காம இருக்கணும். இதோ, இப்படி உன் காதுக்குப் பக்கத்துல பார்த்தா நீ வந்துடுற. கண்ணாடி போட்டிருக்க. மூக்கு சிவந்திருக்கு."

"ரூத்கிட்ட சொல்லிட்டேனே" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. "உனக்கு என்மேல ஆசை விட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேனே."

"கிறுக்கி. ஒரு வருஷமா நான் வேற யாரைப் பார்த்தேன்?"

அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிப் புள்ளியைப் பார்க்கிறேன். எனக்குக் கோடுகள் நேராகத்தான் தெரிகின்றன. ஒரு மனிதர் தன் பார்வை மிஞ்சிய ஓரத்தில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் திருப்பிவிட்டதாக எண்ணி நான் அழுது தீர்த்த அந்த ஒரு வருடத்தை இந்த அட்டையில் எந்தக் கட்டத்தில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது இதையெல்லாம் நினைக்க நேரம் இல்லை. இன்னொன்று இருந்தது.

"பதினாலாம் நம்பர்ல எப்படி நிறுத்தின?"

"வலது பக்கம் பெரிய பைன், இடது பக்கம் மேசை. பின் சக்கரம் வேர் மேல ஏறும், குலுங்கும், நிறுத்துவேன். கண்ணை மூடிட்டுக்கூட நிறுத்தலாம்."

"மூடிட்டுத்தானே நிறுத்தியிருக்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்திரண்டுல எனக்கு ஒண்ணுமே தெரியலை, ஹில்யா. நீ எங்க நிக்கிறன்னுகூடத் தெரியலை."

நான் கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்றிருந்தேன். ஓர் அடி விலகியதால் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சுக்கிட்டே என் கை லேட்டுன்னு சொன்ன. எல்லாரும் கேட்க."

"ஆமா" என்றார். "சொன்னேன்."

எனக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ள அந்த டிரெய்லரில் இடமே இல்லை.

"இப்ப வீட்டுக்கு எப்படிப் போறது?"

"எப்பவும் போற மாதிரி. நூறு மைல். எந்த வளைவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஓரத்து வெள்ளைக் கோடு தெரியுது, அது போதும்." குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. "முப்பது வருஷம் சுரங்கத்துல ஆளுங்களைக் கூண்டுல வெச்சு ஏத்தி இறக்கினேன். கீழ மணி அடிப்பாங்க. ஒரு மணின்னா நிறுத்து. ரெண்டு மணின்னா இறக்கு. ஒரு ஆளைக்கூட நான் கண்ணால பார்த்ததில்ல. ஒரு ஆளையும் நான் தவற விட்டதும் இல்ல."

"அங்க மணி அடிக்க ஒரு ஆள் இருந்தான், ஆர்விட். ரோட்டுல யார் அடிப்பா?"

"நீ அடி."

"நான்தான் வண்டியில ஏறினா தூங்கிடுவேனே!"

சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நான் தூங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடம் செப்டம்பர் கடைசி. இதே கேம்ப்பிலிருந்து திரும்பும்போது, வெளிச்சம் மங்குகிற நேரம். ஜன்னலில் சாய்ந்திருந்த என் தலையை ஒரு அதிர்வு தூக்கிப் போட்டது. "மான். ஓடிடுச்சு, நீ தூங்கு" என்றார். மறுநாள் அவரே முன்பக்க வலது மூலையைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, விளக்கு வளையத்தை மாற்றினார். எங்கள் பக்கத்தில் மானை இடிக்காத வண்டி எது? நான் இரண்டாவது தடவை அதை நினைக்கவே இல்லை.

கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. டிரெய்லரை விட்டு இறங்கி, தொலைபேசியைத் தேடிப் போனேன்.

கேம்ப் அலுவலகச் சுவரில் காசு போடும் தொலைபேசி இருந்தது. ரூத் க்ரீன் பேயில் இருக்கிறாள். வண்டியில் வர நாலு மணி நேரம். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா? கேம்ப்லேருந்தா பேசுற? அப்பா எங்க?"

"இங்கதான் இருக்கார்."

"இன்னும் அப்படியேதான் இருக்காரா? மூஞ்சியைக்கூடப் பார்க்காம?"

"இல்லடி. பார்க்கறார்."

"அப்பாடா! பேசிட்டியா அவர்கிட்ட? நான் சொன்னேன்ல, பேசுன்னு. அப்ப ஏன் அழற?"

"குளிர். மூக்கு ஒழுகுது."

"இதான் கடைசி தடவைன்னு சொல்லும்மா. அந்த முட்டையை இந்த வருஷம் வித்துடுங்க. எங்க கீழ் வீடு காலியாத்தான் கிடக்கு. அப்பாவும் அந்த லொட லொட வண்டியை விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். எழுபது வயசாகப் போகுது, என்ன ஊர் சுத்தல்?"

"ரூத்..."

"சொல்லும்மா."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அவளும் மருமகனும் கிளம்பி வந்திருப்பார்கள். சாவியை வாங்கியிருப்பார்கள். எல்லாம் முறையாக முடிந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆர்விட் இருபது அடி தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் ஏரிப் பக்கம் இருந்தது. நேற்றாக இருந்தால், மனைவி அழும்போது ஏரியைப் பார்க்கிறாரே என்று நினைத்திருப்பேன். இப்போது எனக்குத் தெரியும். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. லேட்டாக் கிளம்பறோம். போன் வரலையேன்னு கவலைப்படாதன்னு சொல்லத்தான்."

ரிசீவரை மாட்டிவிட்டுத் திரும்பினால் பிக்கப் பக்கத்தில் வெர்ன் நின்றிருந்தார். கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஆர்விட், நான் ஒண்ணு சொல்றேன். உன் வண்டியை நான் ஓட்டிட்டு வரேனே. எங்க வண்டியை டோலோரஸ் கொண்டு வருவா."

"எதுக்கு?"

"சும்மாதான். உன் வண்டியை ஓட்டிப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை."

"அந்த ஆசையோடயே இரு."

வெர்ன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெர்ன் ஓட்டினால் நாளைக்கு வட மிச்சிகனில் உள்ள ஒவ்வொரு கேம்ப்பிலும் ஆர்விட்டின் கண்ணைப் பற்றிப் பேசுவார்கள், இரக்கத்தோடு பேசுவார்கள். ஆர்விட் ஓட்டினால்... அதை நான் முடிக்கவில்லை.

"சாவியைக் குடு" என்றேன்.

"உனக்கு டிரெய்லர் இழுத்துப் பழக்கமே இல்லையே."

"நீ மட்டும் பார்த்தா ஓட்டின?"

வெர்ன் கீழே பார்த்துக்கொண்டார். ஆர்விட் சட்டைப் பையில் கை விட்டார். பிறகு சாவியை நீட்டினார். நான் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நீட்டினார். நான் அந்தப் பக்கம் நகர்ந்து வாங்கிக்கொண்டேன்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, முதல்முறையாக நான் ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. டோலோரஸ் மட்டும் எழுந்து நின்றாள்.

பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது ஓட்டுவது. பிரேக்கைத் தொட்டால் பின்னாலிருந்து தள்ளியது. மேட்டில் ஏறினால் முனகியது. மரலாரி ஒன்று எதிரே வந்து கடந்தபோது டிரெய்லர் ஆடியதில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவே இல்லை. எனக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள் சேர்ந்துவிட்டன.

ஆர்விட் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"இப்ப பாலம் வரும். வந்துச்சா? அதைத் தாண்டினதும் இறக்கம். மூணாவது கியருக்கு வா. பிரேக்கை அழுத்தாத, கியராலயே பிடி. இப்ப வலது வளைவு. ஒரு பழைய கொட்டகை இருக்கும்."

கொட்டகை இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. ஒரு மைல்கூடத் தவறவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது. இவ்வளவும் மனப்பாடமாகத் தெரிந்த மனிதருக்கு, மனப்பாடத்தில் இல்லாதது ஒன்று எதிரே வந்து நின்றால்?

நாற்பது நிமிடம் கழித்துக் கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"செப்டம்பர்ல இடிச்சது மான்தானே?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர்விட்."

"மான்னு நினைச்சேன்."

"நினைச்சியா, பார்த்தியா?"

"ஒரு சத்தம் வந்துச்சு. வலது பக்கம். கண்ணாடியில பார்த்தேன். கண்ணாடியில என்ன தெரியும் எனக்கு?" தொப்பியை மடியில் வைத்துக் கசக்கினார். "நிறுத்தணும்னு நினைச்சேன், ஹில்யா. நிறுத்தினா நீ முழிச்சுப்ப. முழிச்சா கேப்ப. கேட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு... கால் பிரேக்குக்கே போகலை."

"எந்த இடம்?"

"அடுத்த வளைவு தாண்டி. நேர் ரோடு ஆரம்பிக்கிற இடம்."

திரும்புவதற்கு ஒரு கிளைச் சாலைகூட அங்கே கிடையாது. இருந்தாலும் எனக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாது. கை காட்ட மட்டும்தான் தெரியும். பின்னால் எட்டுப் பத்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. போய்த்தான் ஆக வேண்டும்.

வளைவு திரும்பியது. நேர் ரோடு. வலது பக்கம் ஒரு மண்பாதை உள்ளே போயிற்று. பாதை முனையில் ஒரு தபால் பெட்டி. பெட்டி பழசு, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதைத் தாங்கிய கம்பம் மட்டும் புதுசு. இன்னும் வெயிலில் கறுக்காத வெள்ளை மரம்.

"தபால் பெட்டிதான், ஆர்விட்" என்றேன். எனக்கு மூச்சு திரும்பியது. "நீ இடிச்சது தபால் பெட்டி. கம்பத்தை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் முகத்தை என் பக்கம் முழுசாகத் திருப்பினார். அப்படியென்றால் சாலையோரத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம். இன்று காலையிலிருந்துதான் எனக்கு அந்த அர்த்தம் தெரியும்.

"பக்கத்துல யாரோ நிக்கிறாப்ல இருக்கே" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஆம்பளைக் கோட்டு போட்டிருந்தாள், நீளம் அதிகம், அவளுடையது இல்லை, வீட்டு ஆம்பளையுடையதாக இருக்கும். பெட்டியைத் திறக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் வராத நாள். கேம்ப்பிலிருந்து டிரெய்லர்கள் திரும்பிப் போகிற நாள். ஒவ்வொரு வண்டியையும் அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வெள்ளை முட்டையும் பச்சைக் கோடும் வளைவில் திரும்பியதும் அவள் உடம்பு நிமிர்ந்தது.

"ஏன் மெதுவாப் போற?"

"ஒரு பொம்பளை ரோட்டோரம் வந்து நிக்கிறா. நம்ம டிரெய்லரையே பார்க்கறா."

"கை காட்டறாளா?"

"காட்டறா."

"என்ன கை?"

பத்தொன்பது வருடம் நான் காட்டிய கை அது. அவள் கோட்டுக் கையிலிருந்து வெளியே வந்தது, முஷ்டியாக மூடி மெதுவாக உயர்ந்தது.

"நில்லுங்கற கை."

ஆர்விட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் சரிசெய்தார். சுரங்க வேலைக்குக் கிளம்புகிற காலைகளில் அப்படித்தான் சரிசெய்வார்.

"அப்ப நில்லு" என்றார்.